ரோலருக்கு உண்டு, ரோட்டுக் கூலிக்கு இல்லை!

2025ம் வருடம் பங்குனி மாதம். அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத நாட்கள். நம் பகுதியில் ஓர் ஏரிக்கரைச் சாலைக்குத் தார் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லி சுமக்கும் பெண்கள், தார் வாளி தூக்கும் வாலிபர்கள், மில்லில் வேலை நின்றுபோய் வந்து சேர்ந்த இரண்டு பேர், இவர்களை எல்லாம் அழைத்து வந்த மேஸ்திரி என்று முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கரை ஓரத்து மண் நெகிழ்ந்தது, ரோலர் சரிந்தது. டிரைவர் குதித்துத் தப்பினார். உருளையில் தார் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கூட நடந்து வந்த விவசாயக் கூலித் தோழர் ஒருவர், வயது 30, தப்பவில்லை. அவருடைய வலது கால் உருளைக்கும் கரைக் கல்லுக்கும் நடுவே அகப்பட்டது.

ஒரே விபத்துதான். அடிபட்டது ஒரு மிஷினும் ஒரு மனிதனும். இரண்டுக்கும் பிறகு என்ன நடந்தது என்பதை நாம் கூட இருந்து பார்த்தோம்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு கார் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர். ரோலரை முன்னும் பின்னும் படம் எடுத்தார். என்ன உடைந்தது, என்ன வளைந்தது, எவ்வளவு செலவாகும் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். டிரைவரிடம் வாக்குமூலம் வாங்கினார். ஆடி மாதம் ரோலர் புது வர்ணம் பூசிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டது.

மனிதருடைய காலை முழங்காலோடு எடுத்தார்கள். ஆனி மாதம் கட்டையூன்றி வீடு திரும்பினார். காண்டிராக்டருடைய ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து 40,000 ரூபாய் கொடுத்தான். எழுதாத ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். “தம்பி, இது மொதலாளி மனசு வெச்சுக் கொடுக்கறது. வேற யாருன்னா இதுகூடக் கெடைக்காது” என்று ஆறுதல் வேறு சொன்னானாம்.

நாம் கம்பெனி ஆபீசுக்குப் போய் விசாரித்தோம். அங்கிருந்த ஊழியர் நல்லவர், மறைக்காமல் சொன்னார். “அவர் எடுத்திருக்கறது மிஷினுக்கான பாலிசிங்க. ஆளுங்களுக்குத் தனியா எடுக்கணும். அதை எடுக்கல.”

இந்தக் ‘தனியா எடுக்கணும்’ என்ற வார்த்தையைத்தான் நாம் இன்று பேச வேண்டும். சாலைக் காண்டிராக்டரின் இன்ஷூரன்ஸ் என்றால் அது அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள கணக்கு, நமக்கென்ன என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். அந்தப் பிரீமியம் யாருடைய பணத்திலிருந்து போகிறது, அது யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஒரு சாலைக் காண்டிராக்டர் வழக்கமாக எடுக்கக்கூடிய பாலிசிகள் சில உண்டு. ரோலர், தார் விரிக்கும் மிஷின், மண் வெட்டும் மிஷின் ஆகியவற்றுக்கு ‘பிளாண்ட் அண்ட் மெஷினரி’ பாலிசி. லாரிக்கும் டிப்பருக்கும் மோட்டார் பாலிசி. இதில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி 1988ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். வேலை நடக்கும்போது வெள்ளம் வந்தாலோ, போட்ட ரோடு இடிந்தாலோ, அடுக்கி வைத்த சாமான் அழிந்தாலோ நஷ்டத்தை ஈடுகட்ட இன்னொரு பாலிசி. இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் ‘காண்டிராக்டரின் சகல அபாய பாலிசி’ என்று வரும்.

சகல அபாயம்! பெயரைக் கேட்டால் சகலரும் அதற்குள் அடக்கம் என்று தோன்றும். அந்தப் பாலிசிக்கு இரண்டு பாகம். முதல் பாகம் வேலைக்கும் சாமானுக்கும் நேரும் சேதம். இரண்டாம் பாகம் வெளியாருக்கு நேரும் காயம், மரணம், சொத்துச் சேதம். குவித்து வைத்த ஜல்லியில் இருட்டிலே சைக்கிள் மோதி ஒருவர் விழுந்து செத்தால் இந்த இரண்டாம் பாகத்தில் கேட்கலாம். நல்லது. ஆனால் அதே இரண்டாம் பாகத்தின் விலக்குகளில், காண்டிராக்டரிடமோ வேலை கொடுத்த இலாகாவிடமோ அந்த வேலையில் சம்பந்தப்பட்ட வேறு நிறுவனத்திடமோ வேலை செய்கிற ஆட்களின் காயமும் மரணமும் இதில் சேராது என்று எழுதியிருக்கிறது. ரோட்டிலே போகிறவன் உள்ளே. ரோட்டைப் போடுகிறவன் வெளியே. கம்பெனிக்காரர்கள் இதற்குச் சொல்லும் சமாதானம், தொழிலாளிக்கென்று வேறு பாலிசி இருக்கிறது என்பது. அது நிஜம். இருக்கிறது. எடுப்பாரில்லை.

அந்த வேறு பாலிசியின் வேர் 1923ம் வருடத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் இருக்கிறது. வேலை காரணமாகவும் வேலை நேரத்திலும் தொழிலாளிக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையில் விபத்து நடந்தது என்பதே போதும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் கோடுகள் அமலுக்கு வந்தபோது இந்தச் சட்டம் போய், அதன் ஏற்பாடுகள் சமூகப் பாதுகாப்புக் கோடின் ஏழாம் அத்தியாயத்துக்குள் சென்றன. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. தொழிலாளி இறந்தால் மாதக் கூலியில் பாதியை எடுத்து, அவர் வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தால் பாதிக்குப் பதில் நூற்றுக்கு 60.

நம் தோழருடைய விபத்து கோடு வருவதற்கு முந்தியது. ஆகவே பழைய சட்டத்தின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2020 ஜனவரி 3 முதல் மாதம் 15,000 ரூபாய் வரையிலான கூலியைக் கணக்கில் எடுக்கலாம். அதற்கு மேல் வாங்கினாலும் 15,000தான். அதில் நூற்றுக்கு 60 என்றால் 9,000. வயது 30க்கு உரிய எண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். முழங்காலோடு கால் போனால் சட்டத்தின் அட்டவணைப்படி உழைப்புச் சக்தியில் நூற்றுக்கு 60 போனதாகக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 11,23,092 ரூபாய் வருகிறது.

11 லட்சத்து 23 ஆயிரத்துக்கு அவர் வாங்கியது 40,000. மனசு வைத்துக் கொடுத்தது!

இதிலும் ஒரு விஷயம் உண்டு. அட்டவணையில் 60 என்று இருப்பதாலேயே 60தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒரிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968ல் கீழே விழுந்து இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். மறு கை இருக்கிறதே, முழு ஊனம் எப்படி ஆகும் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அந்தத் தொழிலாளிக்கு அது முழு ஊனமே என்று 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நாற்று நடவும் வரப்பு வெட்டவும் ஜல்லி கொட்டவும் மட்டுமே தெரிந்த ஒருவர் ஒற்றைக் காலோடு எந்த வேலைக்குப் போவார் என்பதை நம் வக்கீல் தோழர் இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் கேட்கிறார்.

காண்டிராக்டர் இந்தத் தொகைக்குப் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பொறுப்பை ஒரு பாலிசியில் ஏற்றிக் கம்பெனியின் தலையில் வைக்க அவருக்கு வழியும் இருக்கிறது. ஆனால் வைத்தே தீர வேண்டும் என்று 1923ம் வருடத்துச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதன் இடத்தில் வந்த அத்தியாயத்திலும் அந்தக் கட்டாயம் இல்லை. லாரி வைத்திருப்பவன் இன்ஷூர் செய்யாமல் ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். முப்பது பேரைக் கொதிக்கும் தாருக்குப் பக்கத்தில் நிறுத்துகிறவனை ஒருவரும் பிடிப்பதில்லை. 2006ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதை வெளிப்படையாகவே எடுத்துச் சொன்னது. முதலாளி இன்ஷூர் செய்ய வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாததால், நஷ்ட ஈட்டின் மேல் ஏறும் வட்டியை நாங்கள் கொடுக்க மாட்டோம் என்று கம்பெனி பாலிசியில் எழுதிக்கொள்ள உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு. கோர்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. சட்டத்தில் இருந்த ஓட்டையைத்தான் அது காட்டியது. அதற்குப் பிறகு கோடு எழுத உட்கார்ந்தவர்கள் அந்த ஓட்டையை அடைத்திருக்கலாம்.

இங்கிலாந்து ஒன்றும் தொழிலாளியின் சொர்க்கம் அல்ல. அங்கேயே 1969ல் சட்டம் போட்டு முதலாளிகள் தங்கள் தொழிலாளிகளுக்காக இன்ஷூர் செய்வதைக் கட்டாயமாக்கினார்கள். 1972ல் அமலுக்கு வந்தது. பாலிசியின் சான்றிதழைத் தொழிலாளி பார்க்கும்படி வைக்க வேண்டும். பாலிசி இல்லாமல் வேலை வாங்கினால் ஒரு நாளைக்கு 2,500 பவுன் வரை அபராதம். வெள்ளைக்காரன் இங்கே விட்டுப்போன சட்டங்களைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிறவர்கள், அவன் தன் ஊரில் பிறகு செய்துகொண்ட திருத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை.

சரி, சட்டத்தில்தான் கட்டாயமில்லை. சர்க்காரின் ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறதே! 2000 டிசம்பர் 25ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். காண்டிராக்டர் தன் செலவில், தன் பெயரும் இலாகாவின் பெயரும் சேர்ந்த பாலிசி எடுக்க வேண்டும் என்று ஷரத்து இருக்கிறது. வேலைக்கும் சாமானுக்கும் நேரும் சேதம், தளவாடங்களுக்கு நேரும் சேதம், பிறர் சொத்துக்கு நேரும் சேதம், ஆட்களுக்கு நேரும் காயமும் மரணமும் என்று நான்கும் அதில் உண்டு. பாலிசியை என்ஜினியரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். எடுக்கவில்லையானால் இலாகாவே எடுத்துவிட்டு, பிரீமியத்தைக் காண்டிராக்டரின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம்.

‘தன் செலவில்’ என்ற வார்த்தையை நம்பி ஏமாறாதீர்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விலைக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், ஒவ்வொரு வேலைக்கும் மேற்செலவு என்று சேர்க்கும் தொகையில் ஆபீஸ் செலவு, மேற்பார்வை, தொழிலாளர் கொட்டகை ஆகியவற்றோடு இன்ஷூரன்ஸும் நஷ்ட ஈடும் ஓர் இனம். அதாவது ரோட்டின் மதிப்பீட்டிலேயே அந்தப் பணம் ஏறியிருக்கிறது. நாம் வாங்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கொடுக்கிற வரியிலிருந்து அது காண்டிராக்டரிடம் போய்ச் சேருகிறது. காலை இழந்த தோழரும் அந்த வரியைக் கொடுத்தவர்தான். அவருக்கான பிரீமியத்தை அவரிடமும் வசூல் செய்து, பாலிசி எடுக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள் என்றால் இதற்கு என்ன பெயர்?

பாலிசி எடுத்த இடங்களிலும் நடப்பது விசித்திரம். தொழிலாளருக்கான பாலிசியில் பிரீமியம் கூலித் தொகையை வைத்து நிர்ணயமாகிறது. எத்தனை ஆள், மொத்தக் கூலி எவ்வளவு என்று காண்டிராக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் பத்துப் பேர் என்று எழுதுகிறார்கள். விபத்து நடந்ததும் கம்பெனி மஸ்டர் ரோலைக் கேட்கிறது. அடிபட்டவர் பெயர் அதில் இருக்காது. ஏனென்றால் அவர் மேஸ்திரியின் ஆள். மேஸ்திரி உபகாண்டிராக்டரின் ஆள். உபகாண்டிராக்டரின் ஆட்களை அந்தப் பாலிசியில் சேர்க்க வேண்டுமானால் அதற்கு வேறு பிரீமியம். வைத்தியச் செலவுக்கு ஒரு தனிப் பிரீமியம், தொழில் வியாதிக்கு இன்னொன்று என்று எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. வேலையில் பட்ட காயத்துக்கு உண்மையில் ஆன வைத்தியச் செலவை முதலாளி கொடுக்க வேண்டும் என்று 2009ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பாலிசி எடுக்கிறவர் அதற்குரிய பிரீமியத்தைக் கட்டாமல் விட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். ஆஸ்பத்திரிப் பில் குடும்பத்தின் தலையில் விழும்.

தொழில் வியாதி என்றோம். ரோட்டு வேலையைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. தார்க் கலவை ஏறத்தாழ 150 டிகிரிச் சூட்டில் தயாராகிறது. தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில். காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, டயர் செருப்போடு அதன் மேல் நடக்கிறார்கள் நம் பெண்கள். தாராலும் கீலாலும் வரும் தோல் புற்றுநோய் 1923ம் வருடத்துச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலேயே தொழில் வியாதியாக இடம் பெற்றிருந்தது. நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அந்தப் பகுதிக்கு நிபந்தனை. ரோட்டுக் கூலி ஒரே காண்டிராக்டரிடம் ஆறு மாதம் வேலை செய்ததை எங்கேயாவது பார்த்ததுண்டா? இங்கே பத்து நாள், அங்கே இருபது நாள், நடுவில் நடவு, களையெடுப்பு. வியாதி மட்டும் எல்லாக் காண்டிராக்டரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வருகிறது.

டிப்பர் விஷயமும் ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை முடிந்ததும் ஜல்லிக் குவியலின் மேலேயே உட்கார்ந்து ஊர் திரும்புகிறோம். அந்த வண்டி காண்டிராக்டருடையதாக இருந்து, வேலை நிமித்தம் அதில் போனால், சரக்கு வண்டியில் போகும் சொந்தத் தொழிலாளி என்ற முறையில் மோட்டார் பாலிசியில் கேட்க இடம் உண்டு. வண்டி வாடகை வண்டியானால் கதை வேறு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டு போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நாம் வாடகை வண்டிக்காரனின் தொழிலாளிகள் அல்லவே, எந்தக் கணக்கில் ஏறினோம் என்று கம்பெனி வக்கீல் கேட்பார். ஆகவே, அக்கா தங்கச்சிமார்களே, கொண்டுவந்து விட ஒழுங்கான வண்டி கேளுங்கள். இது வசதிக்காகக் கேட்கிற கோரிக்கை என்று மேஸ்திரி சிரித்தால் சிரிக்கட்டும்.

மில் தோழர்களுக்கு இதெல்லாம் வேறு உலகத்துச் செய்தியாகத் தோன்றலாம். உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய அந்தத் திட்டம் ஊர் ஊராக வர நீங்களும் உங்கள் தகப்பன்மாரும் எத்தனை ஊர்வலம் போனீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டுமான இடங்களில் வேலை செய்வோருக்கும் இ.எஸ்.ஐ. உண்டு என்று 2015 ஆகஸ்டிலிருந்து ஏட்டில் இருக்கிறது. எத்தனை தார்க் கொப்பரைக்குப் பக்கத்தில் இ.எஸ்.ஐ. அட்டையைப் பார்த்தீர்கள்? மில்லில் லே-ஆப் கொடுத்த மாதத்தில் நீங்களே ரோட்டு வேலைக்கு வருகிறீர்கள். விபத்து அந்த மாதத்தில் நடந்தால் நீங்கள் மில் தொழிலாளியாக ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

காண்டிராக்டர்கள் எல்லோரும் ராட்சதர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நமக்குத் தெரிந்த சிறு காண்டிராக்டர் ஒருவர், நம் ஊர்க்காரர்தான், மனம் விட்டுச் சொன்னார். “தோழர், வேலை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, பில் வரல. மேலே ரெண்டு பேரு எடுத்துக்கிட்டது போகத்தான் என் கைக்கு வேலை வந்துச்சு. இதுல பிரீமியம் வேற எங்கேர்ந்து கட்டறது?” அவர் சொன்னதில் பொய் இல்லை. பெரிய காண்டிராக்டர் வேலையை எடுத்து, லாபத்தை எடுத்து, அபாயத்தை மட்டும் கீழே தள்ளுகிறார். ஆனால் அதே சிறு காண்டிராக்டரை நாம் கேட்டோம்: நாளைக்கு ஓர் ஆள் செத்துப்போனால் பத்துப் பதினைந்து லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? அவர் பேசவில்லை. நிலத்தை விற்க வேண்டும், அல்லது ஊரை விட்டு ஓட வேண்டும். பெரும்பாலும் ஓடுகிறார்கள். பாலிசி இருந்தால் அவர் ஓட வேண்டியதில்லை. அவரே திவாலானாலும், அவருக்குக் கம்பெனியிடம் உள்ள பாத்தியதை தொழிலாளிக்கு மாறும் என்று சட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. பாலிசியே இல்லாத இடத்தில் எதை மாற்றுவது?

ஓடினவரைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். காண்டிராக்டர் மூலம் வேலை வாங்குகிற பிரதான முதலாளியிடமே நஷ்ட ஈடு கேட்கலாம் என்பது 1923ம் வருடத்துச் சட்டத்தின் 12வது பிரிவு. சர்க்கார் இலாகாவும் ஸ்தல ஸ்தாபனமும் தங்கள் கடமையைச் செய்வதே அவர்களுடைய தொழிலாகக் கருதப்படும் என்றும் சட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நெடுஞ்சாலை இலாகா, பஞ்சாயத்து யூனியன், முனிசிபாலிட்டி யாவரும் இதில் அடக்கம். அவர்கள் கொடுத்துவிட்டுக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். பாலிசியைக் கண்ணால் பார்க்காமல் வேலையைத் தொடங்கவிட்ட என்ஜினியருக்கு அப்போதுதான் சுருக்கென்று படும்.

எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, போச்சே என்று நம் தோழரின் மனைவி அழுதார். போகவில்லை, அம்மா. நஷ்ட ஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17வது பிரிவு. மரணமானால் முதலாளி தொகையைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் கட்ட வேண்டும்; மூன்று மாதக் கூலிக்கு உட்பட்ட முன்பணம் தவிர, வீட்டில் வந்து கொடுத்தது கணக்கில் சேராது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் நூற்றுக்கு 12 வட்டி. சரியான காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரைக்கும் அபராதம். ஆனால் மனுவை இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கிராமங்களில் நாம் பார்க்கிற பெரிய சங்கடம் இந்த இரண்டு வருடம்தான். முதல் வருடம் காண்டிராக்டரின் வாக்குறுதியில் போகிறது, இரண்டாம் வருடம் பெரிய மனிதர்களின் பஞ்சாயத்தில் போகிறது.

நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால் அதிலிருந்து வரும் விபத்து உதவி வேறு. இந்த நஷ்ட ஈடு வேறு. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு 1 என்று வசூலாகும் செஸ் பணத்திலிருந்து வருவது அது. “வாரியத்துல வாங்கிட்டீங்களே” என்று சொல்லி இதை நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

நாம் கேட்பது கஜானாவைக் காலி செய்யும் கோரிக்கை அல்ல. வேலை தொடங்கும் இடத்தில் ரோட்டின் நீளம், மதிப்பு, காண்டிராக்டர் பெயர் எல்லாம் எழுதி ஒரு பலகை நடுகிறார்கள். அதிலேயே தொழிலாளர் பாலிசியின் நம்பர், கம்பெனி, எத்தனை ஆள், எந்தத் தேதி வரை என்று நான்கு வரி சேர்த்து எழுதட்டும். உபகாண்டிராக்டரின் ஆட்களும் மேஸ்திரியின் ஆட்களும் அந்தப் பாலிசியில் அடக்கம் என்று ஷரத்தில் ஒரு வரி போடட்டும். பாலிசியின் நகல் இல்லாமல் முதல் பில்லைப் பாஸ் செய்யக்கூடாது என்று இலாகா உத்தரவு போடட்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஒப்பந்தத்தில் இருக்கிற அதிகாரமே போதும். இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும் என்பது பெரிய கோரிக்கை. அதை விடப் போவதில்லை. அது வரும் வரைக்கும் இது.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. உங்கள் ஊர் ரோட்டு வேலைக்கு எடுத்த பாலிசியின் நகலையும் ஒப்பந்தத்தின் நகலையும் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். நம் வட்டாரத்தில் ஒரு வேலைக்கு இப்படி மனுப் போட்ட பத்தாம் நாள், காண்டிராக்டரின் குமாஸ்தா ஆட்களின் ஆதார் நம்பரைக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார்! வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும், கூலி கைபேசியில் வந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். கையில் வந்தால் ஒரு நோட்டில் தேதி, இடம், தொகை மூன்றையும் எழுதி வையுங்கள். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ‘வீட்டில் விழுந்தேன்’ என்று சொல்லும்படி கூட வருகிற ஆள் காதில் ஓதுவான். விபத்துப் பதிவேட்டில் அந்த வார்த்தை ஏறிவிட்டால் அதை அழிக்கப் பல வருடம் பிடிக்கும்.

நம் தோழருடைய வழக்கிலும் இப்போது அதே சண்டைதான். அப்படி ஒருவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை, ரோட்டில் போனவர் ரோலருக்குக் குறுக்கே வந்தார் என்று காண்டிராக்டர் தரப்பில் பதில் போட்டிருக்கிறார்கள். மஸ்டர் ரோலில் அவர் பெயர் இல்லை. ஆனால் சர்வேயர் மூன்றாம் நாள் வந்து ரோலருக்காக வாங்கிய வாக்குமூலம் கம்பெனியின் பைலில் இருக்கிறது. ‘தண்ணீர் ஊற்றுகிற ஆள் கூட நடந்து வந்தான்’ என்று டிரைவர் அதில் சொல்லியிருப்பதாக நமக்குத் தெரியவந்திருக்கிறது. அந்தப் பைலைக் கொண்டுவரச் சொல்லி மனுப் போட்டிருக்கிறோம். அன்று அவரோடு ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட மூன்று பெண்கள் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு வேலையில் இருந்த மற்றவர்களும், மில்லிலிருந்து வந்த அந்த இரண்டு பேர் உட்பட, அடுத்த வாய்தாவுக்கு முன் சங்க ஆபீசுக்கு வந்து நம்மைப் பாருங்கள். பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் சங்கம் கொடுக்கும்.